கங்கைக்குப் போனதைச் சொல்லவில்லை

முதலில் வலித்தது கெண்டைக்கால். கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வீடு இரண்டாம் மாடியில். ஒரு திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக இறங்கியபோது, மூன்றாவது படியில் இரண்டு கெண்டைக்கால்களையும் யாரோ பிடித்து முறுக்கியது போல இருந்தது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். கதவைப் பூட்டிவிட்டுப் பின்னால் வந்த என் மனைவி ரெஜினா, "என்ன, கிழவன் மாதிரி இறங்குறீங்கள்?" என்று கேட்டாள். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. சுள்ளென்று கோபம் வந்தது. "கால் பிடிச்சிட்டுது. நீ முன்னால போ" என்றேன்.

கால் ஏன் பிடித்தது என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. கடந்துபோன சனிக்கு முதல் சனி, களனி கங்கை என்ற ஆற்றில் கயாக் ஓட்டப் போயிருந்தேன். கயாக் என்பது ஒருவர் மட்டும் இருக்கக்கூடிய ஒடுங்கிய படகு. கால்களை உள்ளே நீட்டி, முழங்காலைப் படகின் சுவரோடு முண்டு கொடுத்து, இடுப்பைச் சுற்றி ஒரு றப்பர் துணியால் படகின் வாயை மூடிக்கொண்டு, இரண்டு முனையும் அகன்ற துடுப்பால் வலிக்க வேண்டும். கால் உளைவது வழமை. ஆனால் சனிக்கிழமை உளைச்சல் ஒன்பது நாள் கழித்தா வரும் என்று யோசிக்க வேண்டியவன் யோசிக்கவில்லை.

கொட்டாஞ்சேனைத் தமிழனுக்கும் கயாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் வீட்டாரும் கேட்டார்கள். நான் ஒரு தனியார் பொறியியல் கம்பனியில் படவரைஞனாக இருந்தேன். அங்கே வேலை செய்த வெளிநாட்டுப் பொறியியலாளர் ஒருவர், யுத்தம் கொழும்புக்குள்ளும் வரத் தொடங்கியதும் மூட்டை கட்டினார். போகும்போது இரண்டு பழைய கயாக்குகளைக் கம்பனிக் களஞ்சியத்தில் விட்டுவிட்டுப் போனார். அவை ஒரு வருடம் அங்கே தூசி பிடித்துக் கிடந்தன. என்னோடு வேலை செய்த சுனில்தான், "மச்சாங், இது சும்மா கிடக்குதே" என்று முதலில் வாயைத் திறந்தவன். அவன் சிங்களவன். அரைத் தமிழில் என்னோடு கதைப்பான், நான் முக்கால் சிங்களத்தில் பதில் சொல்வேன்.

நாங்கள் ஓட்டப் போன கித்துல்கலப் பக்கம் கங்கை அகலமானதல்ல. மலைகளுக்கு நடுவே கரும்பாறைகள் இரண்டு பக்கமும் சுவராக எழும்பி நிற்கும். சில இடங்களில் இரண்டு துடுப்பு நீளம்தான் வழி. மேலே மின் நிலையத்தில் தண்ணீர் திறக்கும் நேரம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். திறக்காவிட்டால் பாறை, திறந்தால் நுரை. சுழிகளுக்கு நாங்களே கொழும்பு இடங்களின் பெயர்களை வைத்திருந்தோம். மூன்று பக்கமிருந்தும் தண்ணீர் வந்து முட்டுகிற இடம் ஆமர் வீதிச் சந்தி. முண்டியடித்து வெளியே வர வேண்டிய இடம் பெற்றா பஸ் நிலையம். எல்லாம் கடந்த பிறகு வருகிற அமைதியான மடு காலிமுகத்திடல்.

எனக்கு அந்த ஆற்றில் கிடைத்த சுகத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த வருடங்களில் கொழும்பில் நான் என் உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் நடந்தேன். வேகமாக நடக்கக்கூடாது, ஓடினால் துலைந்தது. கையைக் காற்சட்டைப் பைக்குள் விடக்கூடாது. பஸ்சில் தமிழில் உரத்துக் கதைக்கக்கூடாது. ஆற்றில் இதெல்லாம் இல்லை. பாறைகளுக்கு நடுவே நுரை முகத்தில் அடிக்கும்போது நான் தொண்டை கிழியக் கத்துவேன். கத்தியது தமிழிலா சிங்களத்திலா என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை.

அன்றைய சனிக்கிழமை ஆமர் வீதிச் சந்தியில் கவிழ்ந்தேன். கவிழ்ந்தால் துடுப்பால் தண்ணீரை உந்தி, இடுப்பைச் சுழற்றிப் படகோடு நிமிர வேண்டும். இரண்டு தடவை முயன்றேன். இரண்டாம் தடவை பாதி நிமிர்ந்து, வாய் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் தலைகீழானேன். றப்பர் துணியை இழுத்துக் கழற்றி வெளியே வந்து, மடுவரைக்கும் பாறைகளில் அடிபட்டுக்கொண்டு போனேன். இடது முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் நீளத்துக்குத் தோல் உரிந்திருந்தது. சுனில் கரையில் நின்று சிரித்தான். நானும் சிரித்தேன். காயத்தைக் கங்கைத் தண்ணீரிலேயே கழுவினேன்.

கால் பிடித்த அந்தத் திங்கள் பின்னேரமே காய்ச்சல் வந்தது. செவ்வாய்க்கிழமை எங்கள் ஒழுங்கையில் இருந்த டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கினேன். புதன்கிழமை கண்ணாடியில் பார்த்தேன், கண் இரண்டும் சிவந்திருந்தன. பூளையும் இல்லை, எரிவும் இல்லை, வெறும் சிவப்பு. வியாழன் காலை ரெஜினா என் கையைப் பிடித்து முச்சக்கர வண்டியில் ஏற்றினாள். படியில் என்னால் இறங்க முடியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து, குழந்தைப் பிள்ளை இறங்குவது போல இறங்கினேன்.

அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் அனுமதித்தார்கள். நீளமான வார்ட். வாசலருகே ஒரு கட்டிலில் காலில் விலங்கோடு ஒரு நோயாளி, பக்கத்தில் கதிரையில் துவக்கோடு ஒரு பொலிஸ்காரர். எனக்குக் கிடைத்த கட்டில் அதிலிருந்து நான்காவது. ஓர் இளம் பெண் டொக்டர் வந்தார். சிங்களவர். முகத்தில் களைப்பு இருந்தது, குரலில் இல்லை. காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்டார். பிறகு என் பெயர் எழுதியிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"இந்த ரெண்டு மூண்டு கிழமைக்குள்ள எங்கயாவது போனீங்களா? வடக்குப் பக்கம்? வவுனியாப் பக்கம்?"

அவர் கேட்டது மலேரியாவுக்காக. அப்போது வடக்கிலும் கிழக்கிலும் மலேரியா பரவியிருந்தது. எந்த டொக்டரும் கேட்டிருப்பார். ஆனால் என் காதில் விழுந்தது டொக்டரின் கேள்வியல்ல.

அதற்கு இரண்டு வருடம் முன்பு ரெஜினாவின் தம்பி பிரான்சிஸை ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள். எங்கே போய் வருகிறாய் என்று கேட்டார்கள். அவன் ஒளிக்க ஒன்றும் இல்லாதவன். நீர்கொழும்பில் சிநேகிதன் வீடு, அங்கிருந்து சிலாபம், திரும்பி வரும்போது வத்தளையில் ஒரு கலியாண வீடு என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். ஏன் இத்தனை இடம் என்று கேட்டார்கள். பதினொரு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். அவன் வெளியே வந்த அன்றைக்கு ரெஜினா எங்கள் எல்லோரையும் இருத்தி வைத்து ஒரு பாடம் சொல்லித் தந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் படிப்பிக்கிறவள். "ஆர் கேட்டாலும் மூண்டு இடம்தான். கந்தோர், வீடு, கோயில். நாலாவதா ஒரு இடமே இல்ல. விளங்கிச்சுதா?" கந்தோர் என்பது வேலை செய்யும் அலுவலகம், கோயில் என்று நாங்கள் சொல்வது தேவாலயத்தை. அவள் அதை எங்களிடம் திரும்பச் சொல்லிக் கேட்டாள். நாங்களும் வாய்ப்பாடு போலச் சொன்னோம்.

கித்துல்கலவுக்குப் போகும்போதுகூட சாவடிகளில் சுனில்தான் கதைப்பான். வான் வண்டிக்குள் கயிறு, ஹெல்மெட், கொளுக்கிகள். என் அடையாள அட்டையில் உள்ள பெயருக்கு அந்தச் சாமான்கள் நல்லதல்ல. நான் பின் இருக்கையில் நித்திரை கொள்வது போல இருப்பேன்.

ஆகவே டொக்டர் கேட்டதும் என் வாய் தானாகத் திறந்தது. "எங்கேயும் போகவில்லை. கந்தோர், வீடு, கோயில்" என்று சிங்களத்தில் சொன்னேன். அதே நேரத்தில், கட்டிலின் மறுபக்கம் நின்ற ரெஜினாவும் அதே மூன்று சொல்லைச் சொன்னாள். ஒருவரை ஒருவர் நாங்கள் பார்க்கவில்லை. பூசையில் பதில் சொல்வது போல இரண்டு குரலும் ஒன்றாக வந்தன.

"கொழும்புக்கு வெளியில? ஆறு, குளம், வயல்?"

"இல்லை, டொக்டர்."

கால் ஏன் நோகிறது என்று கேட்டார். நாள் முழுக்க வரைபலகைக்கு முன்னால் நிற்கிற வேலை என்று அதற்கும் ஒன்று சொன்னேன். ஒரு பொய்க்குக் காவலாக இன்னொன்று. டொக்டரில் ஒரு குற்றமும் இல்லை. சொன்னதை வைத்துத்தானே வைத்தியம் செய்ய முடியும்? வைரஸ் காய்ச்சலாக இருக்கலாம், ஈரலையும் பார்ப்போம் என்று எழுதிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை கண்ணின் சிவப்புக்குள் மஞ்சள் வந்தது. மஞ்சள் காமாலை என்றார்கள். சனிக்கிழமை சிறுநீர் குறைந்தது. கட்டிலுக்குக் கீழே அளவுக் கோடு போட்ட ஒரு போத்தல் வைத்து, போவதையெல்லாம் அதில் பிடிக்கச் சொன்னார்கள். முழு நாளுக்கும் சேர்த்து, தேத்தண்ணிக் கோப்பையில் பாதிகூட இல்லை. நிறம் கறுத்த தேத்தண்ணி. கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய ஒரு கழிவு. இரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் வேலையை விட்டுவிட்டது என்று பொருள்) ஏறிக்கொண்டே போகிறது என்று டொக்டர் நேர்ஸிடம் சொன்னது காதில் விழுந்தது. ஏன் ஏறுகிறது என்று அவருக்கும் விளங்கவில்லை. ரெஜினா என்னைப் பார்த்தாள். நான் வாசலில் இருந்த பொலிஸ்காரரைப் பார்த்தேன்.

ஞாயிறு மத்தியானம் நோயாளர் பார்க்கும் நேரம். பூசை முடிந்து ரெஜினா நேரே வந்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். களனிப் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் கங்குங் கீரை வெட்டி விற்கிறவர், பெயர் பியதாச. அவருக்கும் காய்ச்சல், அவருக்கும் கண் சிவப்பு. அதே டொக்டர் வந்து அவருடைய கெண்டைக்காலை அமுக்கினார். மனிதர் கட்டிலை விட்டு எழும்பிவிட்டார்.

"தண்ணிக்குள்ள நிண்டனீங்களா?" என்று டொக்டர் கேட்டார்.

"என்ட தொழிலே தண்ணிக்குள்ளதான், டொக்டர்."

அவ்வளவுதான். டொக்டர் நேர்ஸைக் கூப்பிட்டார். லெப்டோஸ்பைரோசிஸ் (எலிக்காய்ச்சல். எலியும் மாடும் சிறுநீர் கழித்த தண்ணீரில் இருக்கும் கிருமி, தோலில் உள்ள கீறல் வழியே உடம்புக்குள் போவதால் வருவது) என்று சொன்னார். இரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வரும்வரை நிற்காமல் பெனிசிலின் ஊசியைத் தொடங்கச் சொன்னார். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் நடந்தது.

ரெஜினா கையில் பிடித்திருந்த துவாய் அப்படியே நின்றது. அவள் என் காலைப் பார்த்தாள், பியதாசவின் காலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். சாகிற நிலைமையில் இருந்தவன், காப்பாற்றப் போகிறவளை வேண்டாம் என்று மறித்தேன். கயிறும் ஹெல்மெட்டும் வானும்தான் என் கண்ணுக்குள் நின்றன. பிரான்சிஸின் பதினொரு நாளும் நின்றது.

அவள் டொக்டரின் பின்னால் போய் அவருடைய வெள்ளைக் கோட்டைப் பிடித்தாள். யாருடைய உடுப்பையும் பிடித்து இழுக்கிறவள் அல்ல அவள்.

"டொக்டர், நாங்கள் பொய் சொன்னனாங்கள். இவர் கங்கையில குளிச்சவர். குளிச்சதெண்டா, படகில போய்க் கவிழ்ந்தவர்."

"எந்தக் கங்கை?"

"களனி கங்கைதான். மேல, கித்துல்கலப் பக்கம். போய்ப் பதினைஞ்சு நாளாச்சுது."

"தண்ணி குடிச்சவரா? காயம் இருக்கா?"

ரெஜினா திரும்பி வந்து, என்னைக் கேட்காமலே போர்வையைத் தூக்கி, காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினாள். காய்ந்த பொருக்கு. டொக்டர் அதைப் பார்த்தார். என் கெண்டைக்காலை அமுக்கினார். நான் கத்தினேன். அந்த வார்டில் நான் முதல் தடவை உரத்துக் கத்தியது அப்போதுதான், அதுவும் "ஐயோ அம்மா" என்று தமிழில்.

டொக்டர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் சரி என்றும் இருந்தது. அவர் வாசலில் இருந்த பொலிஸ்காரரை ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் வடக்கு எண்டு கேட்டபடியாலா சொல்லாம விட்டீங்கள்?" என்று கேட்டார். ரெஜினா போர்வையை என் கால் மேல் இழுத்துவிட்டாள். டொக்டர் கட்டில் தலைமாட்டில் தொங்கிய ரிக்கற்றை (நோயாளியின் விவரம் எழுதும் அட்டை) எடுத்து எழுதத் தொடங்கினார். ரெஜினா, "டொக்டர், அதில எழுதாதேங்கோ" என்று கெஞ்சினாள்.

"கங்கைத் தண்ணி எண்டு எழுதுறன், நோனா. வேற ஒண்டும் எனக்குத் தேவையில்ல" என்றார்.

பெனிசிலின் ஏறத் தொடங்கியது. ஆனால் மூன்று நாள் பிந்திவிட்டது. சிறுநீரகம் அதற்குள் முழுதாக நின்றுவிட்டது. வயிற்றுவழி டயாலிசிஸ் (வயிற்றுக்குள் குழாய் விட்டு, திரவத்தை உள்ளே ஊற்றி, சில மணி நேரம் வைத்திருந்து வெளியே எடுப்பது. சிறுநீரகம் கழிக்க வேண்டிய கழிவு அந்தத் திரவத்தோடு வந்துவிடும்) செய்ய வேண்டும் என்றார்கள். வயிற்றை மரக்கச் செய்து துளைபோட்டுக் குழாயை விட்டார்கள். குழாய் உள்ளே போனதை நான் உணர்ந்தேன். வலி என்று சொல்ல முடியாது, ஒரு தள்ளல். திரவம் ஏறும்போது வயிறு உப்பி மூச்சு முட்டும், இறங்கும்போது குளிரும். இரண்டு நாள் விடாமல் ஏற்றி இறக்கினார்கள். ஒரு நாள் விட்டு மறுபடியும். இதே நிலையில் இருக்கும் யாராவது இதை வாசித்தால், ஒன்று சொல்கிறேன்: அது பார்க்கத்தான் பயங்கரம். பழகிவிடும். இரண்டாம் நாள் நான் திரவப் பை மாற்றும் நேரத்தை நேர்ஸுக்கு ஞாபகப்படுத்துகிற ஆளாகிவிட்டேன்.

அந்த நாட்களில் எனக்கு வாழைப்பழம் கூடாது, தோடம்பழம் கூடாது, செவ்விளநீர் கூடவே கூடாது. சிறுநீரகம் நின்றால் பொட்டாசியம் (பழத்திலும் இளநீரிலும் உள்ள ஒரு தாதுச் சத்து) இரத்தத்தில் கூடி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடுமாம். பியதாச மூன்றாம் நாளே எழுந்து உட்கார்ந்துவிட்டார். தன் மனைவி கொண்டுவந்த கோழிக்கூட்டு வாழைப்பழத்தில் ஒன்றை உரித்து அன்பாக என் வாயருகே நீட்டினார். நேர்ஸ் பறந்து வந்து பிடுங்கினார். "இந்த மனிசனைக் கொல்லப் பாக்கிறீங்களா?" என்று அவரைத் திட்டியதைக் கேட்டு வார்டே சிரித்தது. பியதாசவும் சிரித்தார். அவருக்குத் தெரியாது, அந்தக் கட்டிலில் அவர் வந்து கிடந்ததால்தான் நான் பிழைத்தேன் என்று. வீட்டுக்குப் போகிற அன்று அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துச் சொன்னேன். "நான் ஒண்டும் செய்யல்லையே, மாத்தையா. காய்ச்சல் மட்டும்தானே வந்தது" என்றார்.

சுனில் திங்கட்கிழமையே ஓடி வந்திருந்தான். டொக்டர் அவனை வாசலிலேயே மறித்து, அதே தண்ணீருக்குள் நீங்களும் இருந்தீர்களா, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். இரண்டு நாளாக உடம்பு உளைகிறது, வான் ஓட்டியதால் என்று நினைத்தேன் என்றான் அந்த மடையன். கையோடு இரத்தம் எடுத்து, மாத்திரை கொடுத்து அனுப்பினார். அவனுக்கு அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. ரெஜினா வாய் திறக்காமல் இருந்திருந்தால், என்னுடைய வாய்ப்பாடு அவனையும் கொண்டுபோயிருக்கும். சாவடியில் எனக்காகக் கதைத்தவன் அவன்.

அனுமதித்துப் பதினோராம் நாள் காலை போத்தலில் கால்வாசி நிரம்பியது. பன்னிரண்டாம் நாள் முக்கால்வாசி. கறுத்த தேத்தண்ணி வெளிறி, வைக்கோல் நிறத்துக்கு வந்தது. ரெஜினா அந்தப் போத்தலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அவளுடைய கண் நிறைந்திருந்தது. பக்கத்தில் நின்ற சுனில், "மச்சாங், மேல தண்ணி திறந்துட்டாங்க போல" என்றான். சிரித்ததில் வயிற்றுத் தையல் இழுத்தது. அதற்குப் பிறகு நாலைந்து நாள் போத்தலுக்கு மேல் போத்தல். உடம்பு விட்ட வேலையை ஒரேயடியாகச் செய்து முடிக்கப் பார்க்கிறது என்று டொக்டர் விளக்கினார். இப்போது குடிக்காமல் இருந்தால்தான் ஆபத்து என்றார். செவ்விளநீர் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னார்.

இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். கடைசி நாள் டொக்டரிடம் நன்றி சொல்லச் சொல் தேடினேன். சிங்களத்திலும் கிடைக்கவில்லை, தமிழிலும் கிடைக்கவில்லை. அவர்தான் பேசினார். "இப்ப நான் காய்ச்சல் எண்டு வாற ஆக்களிட்ட இது மலேரியாவுக்காகத்தான் எண்டு முதல்ல சொல்லிப்போட்டுத்தான் எங்க போனீங்கள் எண்டு கேக்கிறன்" என்றார். அதுவும் அவர் எங்களுக்குச் செய்த ஒரு மரியாதை.

வீட்டுக்கு வந்தபோது இரண்டு மாடி ஏற இருபது நிமிடம் எடுத்தது. படிக்கட்டின் ஒவ்வொரு மேடையிலும் பிரான்சிஸ் ஒரு கதிரை கொண்டுவந்து வைத்தான். உட்கார்ந்து, மூச்சு வாங்கி, எழுந்தேன். முன்பு நான் என் உடம்பைக் கவனித்ததே இல்லை. சொன்னதைச் செய்யும் என்று நினைத்தேன், செய்தது. இப்போது காலையில் எழுந்ததும் அதை ஒரு தடவை விசாரிக்கிறேன். கண் வெள்ளையா? கால் சரியா? சிறுநீர் போகிறபோது, அருவருக்காதீர்கள், மனதுக்குள் ஒரு சின்ன ஸ்தோத்திரம் சொல்கிறேன். கோயிலில் சொல்கிற நீண்ட செபங்களைவிட அதில்தான் எனக்கு மனம் ஒன்றுகிறது.

ஆறு மாதம் கழித்து, சிறுநீரகம் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று கிளினிக்கில் சொன்னார்கள். கங்கைக்குப் போகலாமா என்று கேட்டேன். டொக்டர் ரெஜினாவைப் பார்த்தார். ரெஜினா, "போகட்டும். நானும் போறன்" என்றாள். போவதற்கு முதல் நாளே விழுங்க ஒரு மாத்திரை எழுதித் தந்தார். காயத்தோடு தண்ணீரில் இறங்கக்கூடாது, குடிக்கக்கூடாது, திரும்பி வந்து மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஓடி வர வேண்டும் என்றார். இதை வாசிக்கிற, ஆறும் வயலும் கீரைச் சதுப்பும் தொழிலாகவோ ஆசையாகவோ உள்ள ஒவ்வொருவருக்கும் நான் சொல்வதும் அதுதான். கூடவே இன்னொன்று: டொக்டரிடம் ஒளிக்காதீர்கள். பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

பதினான்கு மாதம் கழித்து மறுபடி கங்கையில் இறங்கினேன். தோள் பழைய தோளல்ல. பெற்றா பஸ் நிலையம் வந்ததும் படகைச் சுமந்துகொண்டு கரையால் நடந்து கடந்தேன். ஆமர் வீதிச் சந்தியில் கவிழ்ந்து, முதல் தடவையிலேயே நிமிர்ந்தேன். தண்ணீருக்குக் கீழே இருந்த அந்த நாலைந்து விநாடி எனக்கு அவசரமாகத் தெரியவில்லை. வாயை இறுக்கி மூடியிருந்தேன், அவ்வளவுதான். கரையில் ரெஜினா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பன்னிரண்டாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. பயப்படாதீர்கள், அது சாதாரணத் தடிமன் காய்ச்சல் என்று பின்னேரமே தெரிந்துவிட்டது. ஆனால் காலையில் அது எங்களுக்குத் தெரியாது. முச்சக்கர வண்டியை வழியில் மறித்தார்கள். எங்கே போகிறீர்கள் என்று கேட்ட ஆமிக்காரருக்கு, "ஆஸ்பத்திரி" என்று ஒரே ஒரு சொல் சொன்னோம். யுத்தம் முடியவில்லை. சாவடியில் எங்கள் வாய்ப்பாடும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பழைய டொக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் இன்னும் இளையவர். என் பெயரைப் பார்த்தார், நாடியைப் பிடித்தார், எழுதுகோலைத் திறந்தார். "இந்த ரெண்டு கிழமைக்குள்ள எங்க எங்க போனீங்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரெஜினா தொடங்கிவிட்டாள். நிமிர்ந்து நின்றுகொண்டு, வகுப்பில் இடாப்புக் கூப்பிடுகிற அதே குரலில்.

"போன சனிக்கு முதல் சனி கித்துல்கல கங்கை, டொக்டர். நானும் போனனான். இவர் ஒருதரம் கவிழ்ந்தவர், தண்ணி குடிக்கேல்ல எண்டு சொல்லுறார். ஞாயிறு ஏழு மணிப் பூசை. பூசை முடிஞ்சு வெள்ளவத்தையில என்ட தம்பி வீடு. அங்க இடியப்பமும் சொதியும். பின்னேரம் கடற்கரையில காலை நனைச்சவர். திங்கள் கந்தோர். செவ்வாய் கந்தோர் முடிஞ்சு நுகேகொடைச் சந்தை, எனக்குச் செருப்பு வாங்க. நாலு கடை ஏறி இறங்கினனாங்கள், எல்லாக் கடையிலயும் இவர்தான் பை தூக்கினவர். புதன் மழை, எங்கட ஒழுங்கையில முழங்கால் தண்ணி, அதுக்குள்ளால நடந்து வந்தவர். வியாழன் சுனில் எண்டு ஒரு சிநேகிதன்ட மகளுக்குப் பிறந்தநாள், அது மகரகம. வெள்ளி..."

"போதும், போதும்" என்று டொக்டர் எழுதுகோலைக் கீழே வைத்தார்.

"இன்னும் அஞ்சாறு நாள் கிடக்கு, டொக்டர்" என்றாள் ரெஜினா.

கடற்கரை, செருப்புக் கடை, முழங்கால் மழைத்தண்ணீர். அத்தனை இடத்துக்கும் என் இரண்டு கால்களால் போயிருந்தேன். அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. மிச்ச நாட்களையும் அவள் சொல்லிக் கேட்க வேண்டும் போல இருந்தது.